பிறை பதினாறுக்கு மறுநாள்

மட்டக்களப்பு நகரில் வாவிக் கரையை ஒட்டி ஒரு மெக்சிக்கோ உணவகம் திறந்து ஆறு மாதமாகிறது. வாசலில் சீமெந்தால் செய்த இரண்டு கள்ளிச்செடிகள். உள்ளே சுவர் நிறைய அகல விளிம்புத் தொப்பிகள். படமெடுத்துப் போடுகிறவர்களுக்கென்றே ஒரு மூலையில் ஊஞ்சலும் மஞ்சள் விளக்கும் வைத்திருக்கிறார்கள். டிசம்பர் இருபதாம் திகதி பகல் ஒரு மணிக்கு, மழை விட்டிருந்த நேரம் பார்த்து, கைறுன்னிஸா ராத்தா அங்கே நுழைந்தார். அக்காவை நாங்கள் ராத்தா என்போம், அண்ணனைக் காக்கா என்போம். அவர் என் கூடப் பிறந்தவர் அல்ல, ஏறாவூரில் எங்கள் பக்கத்து வீடு.

கணவர் இறந்தபின் நூற்றிருபத்தொன்பது நாள் வெள்ளை உடுத்து, வீட்டு வாசலைத் தாண்டாமல் இத்தா இருந்தவர் அவர். முந்தின நாள் அந்தித் தொழுகை மஃரிபோடு அதை முடித்திருந்தார். அன்று கத்தரிப்பூ நிற அபாயா போட்டிருந்தார். நடுவில் இருந்த பெரிய மேசையைக் காட்டி, "இஞ்ச இருப்பம்" என்றார்.

"அங்கால மறைவா ஒரு அறை இருக்கு ராத்தா" என்றேன்.

"நாலு மாசம் மறைவாத்தானே இரிந்த. இன்னமும் வேணுமா?"

மூன்றாவது ஆள் மணியக்கா. தெய்வமணி என்பது முழுப் பெயர். செங்கலடியைச் சேர்ந்தவர். ஏறாவூரில் குடும்ப நல மாதுவாகப் பதினைந்து வருடம் வேலை செய்கிறார். கர்ப்பிணிகளின் வீடுகளைத் தேடிப் போகிற அவருடைய சைக்கிளைப் பழுதுபார்க்க ராத்தாவைத் தவிர வேறு யாரும் தொட்டதில்லை. இத்தா நாட்களில் வாரம் ஒருமுறை வந்து ராத்தாவின் பிரஷரைப் பார்த்துவிட்டு, போனில் இந்தக் கடையின் படங்களைக் காட்டியதும் அவர்தான். "முடிஞ்ச மறுநாள் என்ன இஞ்ச கூட்டிப் போ" என்று ராத்தா அப்போதே சொல்லி வைத்திருந்தார்.

அவர்கள் இருவருக்கும் நடுவில் என்னை எதற்குச் சேர்த்தார் என்று அன்று காலையிலிருந்து யோசித்துக்கொண்டிருந்தேன். ஏனென்றால் அந்த நாளின் சிக்கலுக்குக் காரணமே நான்.

என் பெயர் சஹ்லா. வந்தாறுமூலைப் பல்கலைக்கழகத்தில் பட்டம் முடித்து மூன்று வருடம். எங்கள் வீட்டில் அப்படிப் படித்த முதல் ஆள் நான்தான். வேலை இன்னும் வரவில்லை. ஆனால் எங்கள் ஒழுங்கையில் படிவம் நிரப்ப, கடிதம் எழுத, அரசாங்கத்திலிருந்து வந்த தாளில் என்ன இருக்கிறது என்று கேட்க, எல்லோரும் என்னிடம்தான் வருவார்கள். ஓகஸ்ட் பன்னிரண்டாம் திகதி ராத்தாவின் கணவர் முகைதீன்பாவா காக்கா நெஞ்சுவலியில் மவுத்தானார். மூன்றாம் நாள் அவருடைய தம்பி நிஸ்தார் காக்கா என்னைக் கூப்பிட்டார். "நீ படிச்ச புள்ள. மதினிட இத்தா எப்ப முடியுதெண்டு கணக்குப் பாத்துச் செல்லு."

நாலு மாதம், பத்து நாள். போனை எடுத்தேன். டிசம்பர் இருபத்திரண்டு என்று அரை நிமிடத்தில் சொன்னேன். அவர் அதைக் குடும்ப வட்ஸ்அப் குழுவில் போட்டார். முப்பத்தேழு பேர் இருக்கிற குழு. எல்லோரும் ஆமீன் போட்டார்கள்.

இத்தாவின் மாதங்களைப் பிறையால்தான் எண்ண வேண்டும். பிறை மாதத்துக்கு இருபத்தொன்பது அல்லது முப்பது நாள்தான். பள்ளிக்கூடத்தில் இஸ்லாம் பாடத்தில் நானே படித்து எழுதிய விடயம். என் கணக்கில் மூன்று நாள் கூடிவிட்டது. அந்தக் குழுவில் மௌலவியின் மாமனார் இருக்கிறார், ஹஜ்ஜுக்குப் போனவர்கள் நாலு பேர் இருக்கிறார்கள். ஒருவருக்கும் தோன்றவில்லை. பட்டதாரி சொன்னதை ஏன் இன்னொரு தடவை எண்ண வேண்டும்?

எண்ணியது எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்ட ராத்தா. ஸஃபர் மாதப் பிறை ஆறில் தொடங்கி, சுவரில் தொங்கிய டயர்க் கம்பனிக் கலண்டரில் ஒவ்வொரு பிறையையும் புள்ளியிட்டு, ஜமாதுல் ஆகிர் பதினாறில் வட்டம் போட்டிருந்தார். என் பிழையை முதல் வாரமே கண்டுபிடித்திருக்கிறார். யாரிடமும் சொல்லவில்லை. பத்தொன்பதாம் திகதி மஃரிபுக்குப் பிறகுதான் மதிலுக்கு மேலால் என்னைக் கூப்பிட்டுக் கலண்டரைக் காட்டினார்.

"ஏன் ராத்தா அப்பவே செல்லல்ல?"

"செல்லியிருந்தா நிஸ்தார் கடைட கையெழுத்த இன்னம் மூணு நாளைக்கு முந்தி வெச்சிருப்பான்."

அந்தக் கடையைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்கு. கல்யாணம் முடித்த ஆண்தான் பெண் வீட்டுக்கு வருவான். ஆகவே ராத்தாவின் வீட்டைப் பற்றி யாரும் வாய் திறக்க முடியாது. ஆனால் செங்கலடிச் சந்தியில் இருக்கிற சைக்கிள் கடை முகைதீன்பாவா காக்காவின் பெயரில் வாடகைக்கு எடுத்தது. பதினெட்டு வயதில் கல்யாணம் முடித்த ராத்தா, முதலில் வீட்டுப் பின்பக்கத்தில் இருந்து சில்லுகளுக்குக் கம்பி இறுக்கத் தொடங்கினார். கணவர் நெளிந்த சில்லுகளைச் சாக்கில் கட்டிக்கொண்டு வருவார், இவர் நேராக்கி அனுப்புவார். கம்பியை விரலால் சுண்டி, அது எழுப்பும் சத்தத்தை வைத்தே எது தளர்ந்திருக்கிறது என்று சொல்வார். பிறகு கடையிலேயே ஒரு சீலைத் திரைக்குப் பின்னால் இருந்து வேலை செய்தார். பெற்றோல் இல்லாமல் போன வருடம், மூலையில் போட்டிருந்த சைக்கிள் எல்லாம் தூசி தட்டிக்கொண்டு வெளியே வந்தது. கரடியனாற்றிலிருந்தும் ஆட்கள் சைக்கிளைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து நின்றார்கள். அந்த நெருக்கடியில் ஒருநாள் ராத்தா திரையைக் கழற்றி, அதிலேயே கையைத் துடைத்துக்கொண்டு, கடைக்கு முன்னால் வந்து உட்கார்ந்தார். திரை மறுபடி ஏறவில்லை.

இத்தா தொடங்கியதும் கடைச் சாவியை நிஸ்தார் காக்கா எடுத்துக்கொண்டார். கட்டாரிலிருந்து திரும்பி வேலையில்லாமல் இருந்தவர். முடிந்ததும் தருவதாகத்தான் பேச்சு. சாமானில் அவருக்கு மார்க்கப்படி வர வேண்டிய பங்கை ராத்தா ஒருநாளும் மறுக்கவில்லை. கடையை யார் நடத்துவது என்பதுதான் கேள்வி. வாடகை ஒப்பந்தம் அந்த வருடக் கடைசியில் முடிந்தது. அதைத் தன் பெயரில் புதுப்பிக்க, கட்டட உரிமையாளர் வினாயகமூர்த்தி ஐயாவிடம் அவர் நாள் கேட்டிருந்தார். டிசம்பர் இருபத்தொன்று. என் கணக்குப்படி ராத்தா வெளியே வருவதற்கு முந்தின நாள். இந்தச் செய்தியையும் ஐயாவின் வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கிற மணியக்காதான் கொண்டு வந்தார்.

ஆக, விடிந்தால் கையெழுத்து. அதற்கு முந்தின பகல் நாங்கள் மூன்று பேரும் தொப்பிகளுக்குக் கீழே உட்கார்ந்திருந்தோம்.

பஹ்மி என்ற பையன் ஓடர் எடுக்க வந்தான். டோஹாவில் ஹோட்டல் வேலை பார்த்துவிட்டு வந்து கூட்டாளிகளோடு சேர்ந்து இந்தக் கடையைப் போட்டவன். மூன்று பேருக்கும் மூன்று மெனு அட்டை கொடுத்தான். ராத்தா தன்னுடையதை மூடி வைத்துவிட்டு, "மணி மாட்டிறைச்சி தின்ன மாட்டா. மாடு படாத சாமான் எல்லாத்திலயும் ஒவ்வொண்டு கொண்டு வாங்க மனே" என்றார்.

"ஆளுக்கு எது வைக்கணும் உம்மா?"

"ஆளுக்கெண்டு ஒண்டுமில்ல. ஒரு பெரிய சஹன் தாங்க."

பஹ்மிக்கு விளங்கியது. கல்யாண வீட்டில் நாலைந்து பேர் சுற்றியிருந்து ஒன்றாகச் சாப்பிடுகிற பெரிய தட்டைத்தான் கேட்கிறார் என்று. "அது எங்கட இஞ்ச இல்லயே. எல்லாம் தனித் தனித் தட்டு."

"அடுப்படியில தட்டம் ஒண்டும் இல்லயா? இறைச்சி ஊற வைக்கிற தட்டம்?"

எனக்குக் கூச்சமாக இருந்தது. பக்கத்து மேசையில் நாலு இளம்பிள்ளைகள் முள்ளுக்கரண்டியால் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்கள் திரும்பிப் பார்ப்பதற்கு முன்னால் நான் அவர்களைப் பார்த்துவிட்டேன். படித்ததில் எனக்குக் கிடைத்த பழக்கம் இது. யார் பார்க்கிறார்கள் என்பதை முதலில் பார்ப்பது.

பஹ்மி உள்ளே போய் ஒரு பெரிய எவர்சில்வர் தட்டத்தைக் கழுவித் துடைத்துக்கொண்டு வந்தான். கணவாய் டாக்கோ, இறால் கெசடியா, கோழி பரிட்டோ, நாச்சோஸ் எல்லாவற்றையும் ராத்தா தன் கையாலேயே வட்டமாக அடுக்கினார். நடுவில் ஒரு கிண்ணம் நிறையப் பச்சையாக அவகாடோப் பழ மசியல். மணியக்கா விரலால் தொட்டு நக்கினார்.

"இது நம்மட ஆனைக்கொய்யா எலுவா?"

"ஓம் மிஸ். குவாக்கமோலே."

"உப்பும் தேசிக்காயுமெல்லே போட்டிருக்கு. சீனி எங்க தம்பி?"

"அதுக்குச் சீனி போடுறல்ல மிஸ்."

"ஆனைக்கொய்யாக்குச் சீனி போடாம மனிசன் சாப்பிடுவானா? கொண்டா."

சீனி வந்தது. மணியக்கா பாதிக் கிண்ணத்தில் அள்ளிப் போட்டுக் குழைத்தார். ராத்தா ஒரு வாய் வைத்துப் பார்த்துவிட்டு, உப்புப் பக்கத்துக்கு மாறினார். "சீனிய விட இதுதான் நல்லா இரிக்கி. மெக்சிக்கோக்காரன் சமைக்கத் தெரிஞ்சவன்தான்."

"அவன் எங்க சமைச்ச? வாழைச்சேனைப் பொடியன்தான் உள்ளுக்க நிக்கான்."

ராத்தா சிரித்தார். நாலு மாதத்துக்குப் பிறகு அந்தச் சிரிப்பைக் கேட்டேன். வாயை மூடாமல், தட்டத்தில் கை இருக்க, தலையைப் பின்னால் சாய்த்து. மணியக்கா அந்த நேரத்தில்தான் போனை நீட்டிப் படம் எடுத்தார். எடுத்ததோடு நிற்காமல் வட்ஸ்அப் ஸ்டேட்டஸிலும் போட்டுவிட்டார். அவர் அதில் வழமையாகத் தடுப்பூசித் திகதிகள் போடுகிறவர். ஏறாவூரில் பிள்ளை பெற்ற எந்தப் பெண்ணின் போனில்தான் அவருடைய நம்பர் இல்லை? நிஸ்தார் காக்காவின் மனைவிக்குக் கைக்குழந்தை.

பத்து நிமிடத்தில் ராத்தாவின் போன் அடித்தது. வலக்கை முழுக்கச் சோஸ். இடக்கை விரலால் தட்டி, ஒலிபெருக்கியில் போட்டு மேசையில் வைத்தார்.

"மதினி, எங்க இரிக்கிறீங்க?"

"சாப்பிட்டுக்கிட்டு இரிக்கன்."

"எங்க எண்டு கேட்டன்."

"மெக்சிக்கோவுல."

மணியக்கா சீலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார்.

"பகிடி விடுற நேரமில்ல மதினி. இருவத்திரெண்டுக்கு இன்னம் ரெண்டு நாள் கிடக்கு. காக்கா மவுத்தாகி இத்தா முடியல்ல, நீங்க கலர் உடுத்துக்கிட்டுக் கடையில இரிந்து சிரிக்கிறீங்க. ஊர் என்ன கதைக்கும்?"

"இத்தா நேத்து முடிஞ்சு தம்பி. பிறை பதினாறு."

"திகதி எல்லாருக்கும் தெரியும். குழுவுல கிடக்கு."

"தம்பி, நீ நோன்ப எந்த மாசத்துல புடிக்கிற?"

"இது என்ன கேள்வி?"

"செல்லன். றமழான்லயா, பெப்ரவரியிலயா?" ராத்தாவின் குரல் உயரவில்லை. "நோன்புக்குப் பிறை. பெருநாளுக்குப் பிறை. ஹஜ்ஜுக்குப் பிறை. பொம்புள வாசலத் தாண்டுறதுக்கு மட்டும் போன்ல இரிக்கிற கலண்டரா?"

பக்கத்து மேசைப் பிள்ளைகள் சாப்பிடுவதை நிறுத்தியிருந்தார்கள்.

நிஸ்தார் காக்காவின் குரல் இறங்கியது. அந்தக் குரல்தான் எனக்குப் பயமாக இருந்தது. "மதினி, சண்டை எதுக்கு? இப்ப எழும்பி வீட்ட போங்க. நான் ஒருத்தர்ட்டயும் செல்ல மாட்டன். மணி மிஸ்ஸையும் படத்த அழிக்கச் செல்லுங்க. நாளைக்கு நான் போய் அந்த வேலைய முடிச்சிட்டு வாறன். ஒங்களுக்கு வேண்டியதெல்லாம் வீட்டுக்கு வரும்."

ராத்தா தட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். எழுந்து போவதில் என்ன இருக்கிறது, இரண்டு நாள்தானே என்று எனக்குள் ஒரு குரல் சொன்னது. அது என் குரல்தான். எழும்பினால் அவர் இத்தாவை முறித்ததாக ஒத்துக்கொண்டது போலாகிவிடும். அடுத்த நாள் ஐயாவின் வீட்டு வாசலில் நிற்க அவருக்கு வாயிருக்காது. இதெல்லாம் எனக்குத் தெரிந்திருந்தது. ஆனாலும் அந்தக் குரல் வந்தது.

"எனக்கு வேண்டியது கடையிலதான் இரிக்கி" என்றார் ராத்தா. "அத வீட்டுக்குக் கொண்டு வர ஏலா."

"அப்ப நாளைக்குப் பள்ளிவாசல்ல கதைப்பம். கணக்குப் பாத்தது நானில்ல. சஹ்லா. கம்பஸ் படிச்சவ. அவள விட ஒங்களுக்குத் தெரியுமா?"

ராத்தா என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. சொல் என்றும் சொல்லவில்லை. ஒரு நாச்சோவை உடைத்து, உப்புப் பக்கம் தொட்டு, சாப்பிட்டார். அவர் கேட்டிருந்தால் எனக்கு இலேசாக இருந்திருக்கும்.

மதிலடியில் அவர் கலண்டரைக் காட்டியபோது எனக்கு வெட்கம் வந்தது உண்மை. ஆனால் "இப்ப குழுவுல ஒண்டும் எழுதாத, நிஸ்தார் உசாராகிருவான்" என்று அவர் சொன்னபோது அதைவிடப் பெரிதாக ஒரு நிம்மதி வந்தது. நான் பிழையானவள் என்று முப்பத்தேழு பேருக்குச் சொல்ல வேண்டாம். படித்தவள் என்பதைத் தவிர என்னிடம் அந்த ஊருக்குக் காட்ட வேறென்ன இருந்தது? வேலை இல்லை. அந்தப் பெயரும் போனால்?

போனுக்கு முகத்தைக் கிட்டக் கொண்டு போனேன். "நிஸ்தார் காக்கா, நான் சஹ்லா கதைக்கன்."

"ஆ, நீயும் அங்கதானா?"

"நான் போட்ட திகதி பிழை. இங்கிலீஷ் மாசத்துல எண்ணிட்டன். ராத்தா செல்றதுதான் சரி. நேத்தோட முடிஞ்சு."

"ஒனக்கு வேல கிடைக்காதது ஏனெண்டு இப்பதான் விளங்குது" என்றார் அவர்.

பஹ்மி தண்ணீர்க் கூசாவோடு அசையாமல் நின்றான். மணியக்கா ஏதோ சொல்ல வாயெடுத்தார், ராத்தா கையைக் காட்டி நிறுத்தினார்.

"ஓம் காக்கா" என்றேன். "பிழைய நான் குழுவுலயும் எழுதுறன். இப்பவே."

அவர் போனை வைத்துவிட்டார். நான் கை கழுவப் போகவில்லை. போனால் திரும்பி வந்து எழுதுவேனா என்று எனக்கே நம்பிக்கை இல்லை. கடதாசியில் விரலைத் துடைத்துவிட்டு எழுதினேன். ஓகஸ்ட்டில் நான் தந்த திகதி பிழை, பிறைக் கணக்கில் கைறுன்னிஸா ராத்தாவின் இத்தா நேற்று மஃரிபுடன் நிறைவடைந்தது, பிழை முழுக்க என்னுடையது. அனுப்பினேன். பார்த்ததற்கான நீலக் குறிகள் ஒவ்வொன்றாக வந்தன. ஒருவரும் எதுவும் எழுதவில்லை. கடைசியில் சவூதியில் இருக்கிற ஒரு மாமி மட்டும் அல்ஹம்துலில்லாஹ் என்று போட்டார்.

மணியக்கா போனைக் கையில் வைத்துக்கொண்டு தவித்தார். "என்னாலதானே கைறுன் இவ்வளவும். அந்தப் படத்த அழிச்சிருறன்."

"விடு. இருவத்திநாலு மணித்தியாலமும் கிடக்கட்டும்" என்றார் ராத்தா. பிறகு பஹ்மியைப் பார்த்து, "மனே, அந்தக் கணவாய் இன்னமொரு தட்டு" என்றார்.

அதையும் முடித்து, பாலில் செய்த ஏதோ இனிப்பையும் முடித்து, மூன்று மணிக்குத்தான் எழும்பினோம். அவசரப்படவே இல்லை. மழை மறுபடி பிடித்தபோது ராத்தா கண்ணாடியோரம் போய் நின்று வாவியைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

அடுத்த நாள் காலை எட்டு மணிக்கு வினாயகமூர்த்தி ஐயாவின் வீட்டில் நாங்கள் இருந்தோம். நிஸ்தார் காக்கா ஒன்பது மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தாராம். ஐயா நல்ல மனிதர், ஆனால் பிரச்சினைக்குப் பயந்தவர். கதிரை நுனியில் உட்கார்ந்துகொண்டு, "பிள்ள, உங்கட பள்ளிவாசல்ல ஆரும் வந்து என்னக் கேட்டா நான் என்ன சொல்ற?" என்றார்.

"என்னட்ட அனுப்புங்க ஐயா. நான் கடையிலதான் இரிப்பன்."

"தம்பிக்காரன் கோவிப்பானே."

"கோவிக்கட்டும். கோவம் ஆறினாப் பிறகு வேலைக்கு வரச் செல்லுங்க. கையாள் ஒண்டு எனக்குத் தேவைதான்."

ஐயா சிரித்துவிட்டார். சிரித்த பிறகு பேனாவை எடுக்காமல் இருப்பது அவருக்குக் கஷ்டமாகிவிட்டது. ராத்தா மெதுவாக, ஒவ்வொரு எழுத்தாக, தன் பெயரை எழுதினார். சாட்சிக்கு நானும் மணியக்காவும் ஒப்பமிட்டோம். திகதி போடுகிற இடத்தில் என் கை ஒரு கணம் நின்றது. ராத்தா கவனித்துவிட்டார். "இதுக்கு இங்கிலீஷ்தான். பயப்படாமப் போடு" என்றார்.

பள்ளிவாசலில் நிஸ்தார் காக்கா கதைத்தார் என்று பிறகு கேள்விப்பட்டோம். மௌலவி கலண்டரைப் பார்த்துவிட்டுப் பெண் சொல்வதுதான் சரி என்றாராம். அதனால் எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத மாட்டேன். கணவரின் ஆட்களில் பாதிப் பேர் இன்னும் ராத்தாவோடு கதைப்பதில்லை. கணக்குச் சரியாக இருந்தாலும், முதல் நாளே போய்ச் சிரித்துக்கொண்டு சாப்பிட்டது சரியில்லை என்கிறார்கள். எங்கள் உம்மா என்னோடு ஒரு வாரம் கதைக்கவில்லை. படிவம் நிரப்ப வருகிறவர்களும் கொஞ்சம் குறைந்திருக்கிறார்கள். வருகிறவர்களிடம், இரண்டு தடவை பார்த்துவிட்டுத்தான் சொல்வேன் என்று இப்போது நானே சொல்கிறேன். அதைச் சொல்லும்போது முன்னைப் போல் குறுகிப்போவதில்லை. ஏன் என்று சரியாகத் தெரியவில்லை.

ஒப்பமிட்ட அன்று ஐயாவின் வீட்டிலிருந்து நேரே கடைக்குப் போனோம். சாவி நிஸ்தார் காக்காவிடம். மூன்று தரம் அழைத்தும் அவர் போனை எடுக்கவில்லை. ராத்தா பக்கத்து இரும்புக் கடையில் இரும்பறுக்கும் வாள் ஒன்று இரவல் வாங்கி, அபாயாக் கையை முழங்கை வரை இழுத்துவிட்டு, படியில் குந்தியிருந்து பூட்டை அறுக்கத் தொடங்கினார். சந்தியில் பஸ்ஸுக்கு நின்றவர்கள் பார்த்தார்கள். ஓட்டோக்காரர் ஒருவர் வந்து, "தாங்க நான் அறுக்கன்" என்றார். ராத்தா வாளைக் கொடுக்கவில்லை. அரை மணித்தியாலம் பிடித்தது.

கதவைத் தள்ளித் திறந்தபோது, நெளிந்த முன்சில்லோடு கரடியனாற்றுக்காரர் ஒருவர் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்து நின்றார். உள்ளே எட்டிப் பார்த்தார்.

"நிஸ்தார் தம்பி இல்லையா?"

"இல்ல" என்றார் ராத்தா. "சில்லக் கழட்டுங்க."